சொல்லும் சான்றும்

அறிஞர் ஒருவர் கூறிவிட்டார் என்பதனாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. அது பின்னர் உண்மையென்றே விளங்கினும், சான்று கிடைக்கும் வரை நம்பிக்கையே அன்றி அறிவு ஆகாது. எண்களின் வரலாறு இதனை நன்கு காட்டுகிறது.

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்று குறைக்க 31. அது பகா எண். ஆயின், பதினோர் இரண்டுகளைப் பெருக்கி ஒன்று குறைத்தால் வரும் 2047, 23ஐயும் 89ஐயும் பெருக்கக் கிடைப்பது. ஆகவே, இம்முறை எப்போதும் பகா எண்ணைத் தருவதில்லை.

எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் பகா எண் கிட்டும் என்பதற்கு, பிரெஞ்சு நாட்டுத் துறவி மெர்சேன் 1644ஆம் ஆண்டில் 257 வரை ஒரு பட்டியல் தந்தார். அதில் 67, 127 ஆகிய இரண்டும் இருந்தன. பட்டியல் இருந்தது; சான்று இல்லை.

127 இரண்டுகளால் பிறக்கும் எண் 170141183460469231731687303715884105727 என்பதாகும். இதன் இலக்கங்கள் 39. சிறிய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதாயின், வினாடிக்கு ஒன்றாகச் செய்தாலும் பல நூறு கோடி ஆண்டுகள் கழியும். பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா வேறு வழி கண்டார். லேமர் என்பார் அதனைப் பின்னர் எளிதாக்கினார். 4இல் தொடங்கி, எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்ள வேண்டும். 31ஐச் சோதிக்குங்கால், 4 தருவது 14. 14 தருவது 194, அதன் மீதி 8. 8 தருவது 62. இதனை 31 மீதியின்றி வகுக்கிறது. எனவே 31 பகா எண். ஐந்து இரண்டுகளுக்கு மூன்று படிகள். 127 இரண்டுகளுக்கு 125 படிகளே போதும்.

1876இல் லூக்கா, 127 பற்றிய கூற்று மெய்யென்றும், 67 பற்றியது பிழையென்றும் நிறுவினார். 1903இல் கோல் என்னும் அமெரிக்கர், 67 இரண்டுகளால் வரும் எண் 193707721, 761838257287 என்னும் இரண்டின் பெருக்கமே எனக் காட்டினார்.

ஒரே கை எழுதிய இரண்டனுள் ஒன்று மெய், ஒன்று பொய். சான்று பிறக்கும் வரை இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. இதற்காக மெர்சேனை இகழ்தல் தகாது. அவர் பட்டியலே பிறரை ஆராயத் தூண்டியது. இகழத்தக்கது, ஆராயாமல் நம்பும் சோம்பலே.

கணிப்பொறி வந்த பின்னும் இந்நெறி மாறவில்லை. 2024இல், 13,62,79,841 இரண்டுகளால் ஆகும் நான்கு கோடி இலக்கத்திற்கும் மேற்பட்ட பகா எண் ஒன்று கண்டறியப்பட்டது. ஒரு பொறி கூறியதை வேறு பொறிகள் லூக்கா வகுத்த வழியால் சரிபார்த்த பின்னரே அஃது உலகிற்கு அறிவிக்கப்பெற்றது.

நூலின் இறுதியில் உள்ள விடையைப் பார்த்து எழுதும் மாணவனின் விடை சரியாக இருக்கலாம். ஆனால் அவ்விடை அவனுடையது அன்று. வழியை அறிந்து தானே அடைந்த விடையே அவனுக்கு உரிய செல்வமாகும்.