பிரபுவுக்கு என்னய்யா கவலை?

போன வாரம் ஒரு நண்பரோட பேசிட்டிருந்தப்போ கபெல்லன் பேரை எடுத்தேன். "பதினெட்டாம் நூற்றாண்டு டச்சு பிரபுதானே? வயிறு நிறைஞ்சவன் ஜனநாயகம் பேசினா அது பொழுதுபோக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். எனக்கு வந்ததே கோபம். அங்கே சொல்லாம விட்டதை இங்கே கொட்டிடறேன்.

யோவான் டெர்க் வான் டெர் கபெல்லன் 1741-ல் பிறந்தவர். பிரபு என்ற தகுதியில்தான் 1772-ல் ஓவரைசல் மாகாண சபைக்குள் நுழைந்தார். (ஓட்டு கீட்டு எல்லாம் கிடையாது.) உள்ளே போனவர் சும்மா இருந்தாரா? அமெரிக்கர்களை அடக்க, டச்சு சேவையில் இருந்த ஸ்காட்லாந்துப் படையை 1775-ல் இங்கிலாந்து மன்னர் இரவல் கேட்டார். கூடவே கூடாது என்று சபையிலேயே எதிர்த்தார். அந்தப் படை கடைசிவரை அமெரிக்கா போகவில்லை.

அடுத்ததுதான் முக்கியம். ஓவரைசல் விவசாயிகள் வருஷத்துக்கு இரண்டு நாள் 'டிரோஸ்ட்' என்ற அதிகாரிக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நம்ம கல்வெட்டுகளில் 'வெட்டி'ன்னு வருமே, கிட்டத்தட்ட அதே ஜாதி. அதை ஒழிக்கணும் என்று 1778-ல் கிளம்பினார். அந்த டிரோஸ்ட்டுகள் யார்? சபையில் அவர் கூடவே உட்கார்ந்திருந்த சக பிரபுக்கள்! விடுவார்களா? அவரைச் சபைக்கே வரக்கூடாது என்று விலக்கி வைத்தார்கள். 1782 நவம்பரில்தான் திரும்ப முடிந்தது. அந்த இலவச உழைப்பும் ஒழிந்தது. இதுவா சார் பொழுதுபோக்கு?

சபைக்கு வெளியே இருந்த அந்தக் காலத்தில்தான் 'நெதர்லாந்து மக்களுக்கு' என்ற பிரசுரம். 1781 செப்டம்பர் 25 இரவோடு இரவாக ஊர் ஊராகத் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். எழுதியவர் பேர் இல்லை. அரசு தடை போட்டது, ஆனாலும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அவர்தான் எழுதினார் என்பது உறுதியாக ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நாடு என்பது கிழக்கிந்தியக் கம்பெனி மாதிரி ஒரு பெரிய கம்பெனி, மக்கள்தான் பங்குதாரர்கள், ஆள்பவர்கள் வெறும் நிர்வாகிகள், கணக்குக் காட்டியே ஆகணும் என்றார். ஐந்தாம் வில்லியமின் ஆட்சிக்கு எதிராக ஊர்க் குடிமக்கள் ஆயுதப் பயிற்சி எடுக்கத் துணிந்ததற்கு இந்தப் பிரசுரம் பெரிய காரணம்.

குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. பிரசுரம் வந்த இரண்டே மாசத்தில், 1781 நவம்பரில், நம்ம நாகப்பட்டினத்தை டச்சுக் கம்பெனி இங்கிலீஷ்காரனிடம் தோற்றது. கோட்டை கை மாறியது. அங்கே இருந்த நம்ம ஜனங்களை 'உங்களுக்கும் பங்கு உண்டா?'ன்னு யாரும் கேட்கவில்லை. கபெல்லனின் 'மக்கள்' கடல் தாண்டி வரவில்லை. அந்தக் குற்றச்சாட்டை நண்பர் வைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஆனா 'பொழுதுபோக்கு'? அவர் 1784-ல் இறந்தார். 1787-ல் பிரஷ்யப் படை வந்து வில்லியமை மறுபடி தூக்கி நிறுத்தியது. அடுத்த வருஷம் வில்லியமின் ஆதரவாளர்கள் கோர்சலில் இருந்த கபெல்லனின் கல்லறையையே வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

பொழுதுபோக்குக்குப் பேசினவனோட சமாதிக்கு எவனாவது வெடிமருந்து செலவு பண்ணுவானா? நண்பரே, பதில் சொல்லுங்க.