நல்ல நாளில் நிறைக்கும் குலுக்கை

வெம்பக்கோட்டையை அடுத்த தாயில்பட்டி, வானம் பார்த்த கரிசல் சீமையைச் சேர்ந்த ஊர். நிலத்திற்கு மழை வேண்டும். பட்டாசு உலர வெயில் வேண்டும். இரண்டையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு, எது தவறினாலும் அடுப்பு அணைகிறது.

2018 அக்டோபரில் பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து, இவ்வட்டாரத்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. அந்த இடர் தீர்ந்து மூச்சு விடுவதற்குள், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்நாள்களில் வீடுகள்தோறும் பெரியவர்கள் நினைத்து வருந்தியது ஒன்றே: "கையில் ஓட்டம் இருந்தபோதே கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாமே!"

இவ்வருத்தம் முன்னோருக்குப் புதிதன்று. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர், தானியம் இல்லாத வீட்டை வீடாகவே கருதவில்லை. மண்ணும் வைக்கோலும் குழைத்துச் செய்த குலுக்கையில் கம்பும் சோளமும் நிறைந்திருக்கும். துவரையைச் செம்மண் கட்டி வைப்பார்கள். பயறுடன் வேப்பிலை கிடக்கும். அடுத்த ஆண்டு விதைக்குரியது சுரைக்குடுவையில் தனியே இருக்கும். பசித்தாலும் அதனைத் தொடுவதில்லை.

இந்த ஒழுக்கத்தைக் கோயிலும் காத்து வந்தது. கோபுரக் கலசத்தில் தானியம் நிறைத்து, குடமுழுக்கின்போது புதுப்பிப்பது மரபு. அம்மன் விழாவில் பெண்கள் சுமந்து வரும் முளைப்பாரி வேண்டுதல் மட்டுமன்று. வீட்டிலுள்ள விதை முளைக்குமா என்பதை, விதைப்பு நாளுக்கு முன்பே காட்டிவிடும் சோதனையும் ஆகும். முளைப்பாரி செழித்தால் ஊர் செழிக்கும் என்று பெரியோர் சொன்னதன் உட்பொருள் இதுவே.

இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். செல்வமெல்லாம் கரைந்த பின், மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தார். வீட்டில் ஒரு மணி அரிசியும் இல்லை. அன்று பகலில் விதைத்த முளைநெல்லை இருளில் வாரி வந்தார் நாயனார். விறகுக்குக் கூரை வரிச்சுகளை அறுத்தார். கொல்லைக் கீரையைக் கறியாக்கினார் அம்மையார். அவர்களது அன்பின் உயர்வை நாம் போற்றுகிறோம். அந்த நெருக்கடியில் வழி சொன்னவர் அம்மையார் என்பதையும் நினைக்க வேண்டும். எங்கே என்ன இருக்கிறது என்பதை அறிந்த இல்லாள் இருந்ததால்தான் அந்த விருந்து நிறைவேறியது.

இதற்கு நிகரான காட்சி ஒன்று அண்மையிலும் நிகழ்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விருதுநகர் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையைவிட இது மிகுதி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் கீழ் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். அருகிலுள்ள மேலப்புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளில் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். கடைக்குப் போக வழியில்லாத நாளில், வீட்டுப் பானையில் இருந்ததே அன்னதானமாயிற்று. இருப்பு உள்ள வீடு தன் பசியை ஆற்றுவதோடு பிறர் பசியையும் ஆற்றும்.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நாள்தோறும் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை இறைவனுக்கென எடுத்து வைக்குமாறு காஞ்சி மகா பெரியவர் இல்லத்தரசியருக்குக் கூறினார். அதே முறையில் இல்லத்திற்கென மற்றொரு பிடியும் எடுக்கலாம். ஒரு பிடி 50 கிராம் என்றால் மாதம் 1½ கிலோ, ஆண்டுக்கு 18 கிலோ சேரும். பழையதை முதலில் எடுத்துப் புதியதை நிரப்பி வந்தால் வண்டு பிடிப்பது குறையும்.

நீரும் அவ்வாறே. 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் நீர் விழுகிறது. முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததைத் தொட்டியிலோ கிணற்றிலோ சேர்க்கலாம். ஆனால் குழாயும் தொட்டியும் மழைக்கு முன்பே அமைந்திருக்க வேண்டும். முருங்கைப் போத்தை இன்று ஊன்றினாலும் காய்க்க ஓராண்டு ஆகலாம். காலம் கடந்தபின் விலை கொடுத்தும் வாங்க முடியாதவை இவை.

முதியோர் உள்ள இல்லங்களில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் இரண்டு வாரத்திற்குக் குறையாமல் இருப்பது நலம். குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தை வீட்டிலுள்ள இருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டில் எது இருக்கக் கூடாது என்பதை அறிவதும் முன்னேற்பாடே. இவ்வட்டாரத்தில் வீடுகளில் மறைவாகப் பட்டாசு செய்தபோது வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன. நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் என்று, பேரக்குழந்தை உறங்கும் கூரையின்கீழ் வெடிமருந்தையோ திரியையோ வைக்க இளையவர்கள் முனைந்தால், தடுக்கும் உரிமையும் கடமையும் வீட்டுப் பெரியவருக்கே உண்டு. தீக்காயம் பட்டால் மையோ மாவோ பூசலாகாது. குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் ஊற்றி, தூய துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். இதனை இன்றே குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மனை வணங்கச் செல்லும் அன்பர்கள் மழை வேண்டுகிறார்கள். நோயற்ற வாழ்வு வேண்டுகிறார்கள். அவள் தரும் மழையை ஏந்த ஒரு தொட்டியும், அவள் தரும் விளைச்சலைக் காக்க ஒரு பானையும் வைத்திருப்பது அந்த வேண்டுதலின் மறுபாதி. வருகின்ற வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின், முதல் பிடி அரிசியை எடுத்து வைப்போம். குலுக்கை நிறையட்டும், இல்லம் தழைக்கட்டும்.