போர்வையும் குளிரூட்டியும்

அறையில் குளிரூட்டி 18 டிகிரி செல்சியசில் ஓடுகிறது. உள்ளே படுத்திருப்பவரோ கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். நம் வீவக வீடுகள் பலவற்றில் காணும் காட்சி இது. காசு கொடுத்துக் குளிரை வரவழைத்துவிட்டு, அதற்குப் பயந்து போர்வைக்குள் ஒளிவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஓர் அலகு மின்சாரம் இழுக்கும் பழைய குளிரூட்டி, இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு அலகு. அலகுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் 2 வெள்ளி 40 காசு. மாதத்திற்கு 72 வெள்ளி! 50 வாட் மின்விசிறிக்கோ ஓர் இரவுக்கு 12 காசுதான்.

“ஐந்து சரிக்குறி பெற்ற குளிரூட்டியைத்தானே வாங்கியிருக்கிறோம்?” என்று சிலர் கேட்பார்கள். அது குறைந்த மின்சாரத்தில் அதே குளிரைத் தரும் என்பது உண்மைதான். ஆனால், வெப்பநிலையைக் குறைக்கக் குறைக்க அதுவும் கூடுதலாக உழைத்தே ஆகவேண்டும். 18இல் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பதும் தவறான எண்ணம். தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிந்துரைப்பது 25 டிகிரி அல்லது அதற்கு மேல்.

அதற்காகக் குளிரூட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலை வெயில் நேராக விழும் அறையில் முதியவர் ஒருவரை வியர்வையில் தவிக்கவிடுவது சிக்கனம் ஆகாது. எங்கள் வீட்டில் 25 டிகிரியும் மெதுவாகச் சுழலும் மின்விசிறியும் போதும் என்று முடிவெடுத்திருக்கிறோம். தாத்தாவின் அறைக்கு மட்டும் இந்த விதி இல்லை.