பிள்ளைக் காம்பராவும் போடிங் வீடும்

மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டினால் பேராதனை ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். ஒலுவிலுக்கோ வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதென்றால் ஒரு பகல் முழுக்க பஸ்ஸிலேயே கழியும். தூரம் எதுவானாலும், பல்கலைக்கழக அனுமதி கிடைத்த வீட்டில் மகிழ்ச்சி அடங்குமுன் எழும் கேள்வி ஒன்றுதான்: போடிங் எங்கே? மாதாமாதம் போடிங் வீட்டுக்குக் கொடுப்பதை வாடகை என்கிறோம். கட்டிலுக்கும் மேசைக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான் அந்தக் காசு என்றால், பெற்றோர் இத்தனை படி ஏறி இறங்கி விசாரிக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்கிறாரா, பிள்ளை இரவு சாப்பிடாமல் படுத்தால் கவனிப்பாரா, காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போவாரா, ஊருக்கு ஒரு கோல் எடுப்பாரா என்றெல்லாம் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகை கூடுதலாக இருந்தாலும் தயங்குவதில்லை. தாய்தகப்பன் செய்ய முடியாததைச் செய்ய இன்னொருவருக்குக் கொடுக்கும் கூலி அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் கூலியை ஒவ்வொரு குடும்பமும் தன் மடியிலிருந்து தனியாகக் கொடுக்க விட்டிருப்பது அநியாயம்.

இந்த மண்ணுக்கு இது புதிய ஏற்பாடும் இல்லை. கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலையில் தொடங்கிவிடும். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரம் மரமாகப் போக முடியாது. அதற்காகவே பிள்ளைக் காம்பரா வந்தது. அங்கே தொட்டில்கள் இருந்தன, ஒரு ஆயா இருந்தார். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதைக் கவனிக்கிறது. காம்பராவில் பிள்ளையை விட்டுப்போன தாயைப் பார்த்து, இவள் தாய்மையைக் கூலிக்கு விட்டாள் என்று லயத்தில் எவரும் சொன்னதில்லை. துரைமார் இரக்கப்பட்டு இதைக் கட்டவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் கை மலையில் வேண்டியிருந்தது, அதற்காகக் கட்டினார்கள். பல காம்பராக்கள் இருட்டறைகளாகவே இருந்தன. இத்தனை குறையிலும் ஒரு நியாயம் அதற்குள் இருந்தது. தாயின் உழைப்பால் பலன் பெற்ற தோட்டமே ஆயாவின் சம்பளத்தையும் கொடுத்தது.

அந்த நியாயம் தோட்டத்துக்கு வெளியே தேய்ந்துபோகிறது. 2013 இல் அரசாங்கம் ஒரு சுற்றுநிருபம் போட்டது. வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக விரும்பும் தாய், தான் இல்லாதபோது பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று குடும்பப் பின்னணி அறிக்கையில் காட்ட வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகவே முடியாமல் இருந்தது. தகப்பனிடம் கேட்காத கேள்வியைத் தாயிடம் மட்டும் கேட்கிறார்கள் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. 2022 இல் விதிகள் தளர்ந்தன. பதிலாள் பராமரிப்பு தேவையானது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அந்தச் சுற்றுநிருபம். ஆனால் அதை ஏற்பாடு செய்யும் பாரம் மட்டும் தாயின் தலையில். குவைத்திலோ ரியாத்திலோ பிறர் பிள்ளையைக் குளிப்பாட்டி ஊட்டிச் சம்பாதிக்கும் ஒரு பெண், அந்தக் காசில் ஒரு பங்கை இங்கே தன் மகளைப் பார்த்துக்கொள்ளும் போடிங் வீட்டுக்கார ஆன்ட்டிக்கு அனுப்புகிறாள். சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷைல்ட் இதைப் பராமரிப்புச் சங்கிலி என்றார். இந்தச் சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு பெண் நிற்கிறாள். கீழே போகப் போகக் கூலி குறைகிறது.

பல்கலைக்கழகம் இந்தச் சங்கிலிக்கு வெளியே இருக்க வேண்டிய இடம். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தபோது, முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அதை மாணவர் தங்கிப் படிக்கும் இடமாகவே வகுத்தார். விரிவுரை மண்டபத்துக்குக் குறையாத முக்கியத்துவம் விடுதிக்கு இருந்தது. விடுதிதோறும் வார்டன், உப வார்டன்கள், சாப்பாட்டு மண்டபம். அவற்றுள் ஒன்று அருணாசலம் விடுதி. அந்தப் பெயருக்குரிய பொன்னம்பலம் அருணாசலம், இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் குரல் கொடுத்தவர். 1919 இல் தொழிலாளர் நலனுக்காகச் சங்கம் அமைத்து, தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டங்களை நீக்கப் பாடுபட்டவர். அந்தத் தொழிலாளியின் கொள்ளுப்பேத்தி இன்று அதே வளாகத்தில் படிக்கிறாள். ஆனால் அனுமதி பெறுவோர் பெருகிய அளவுக்கு விடுதிகள் பெருகவில்லை. எல்லா ஆண்டும் எல்லோருக்கும் இடமில்லை. இடம் கிடைத்தாலும் ஒரு வார்டனின் கண் எட்டக்கூடிய எண்ணிக்கையை விடுதிகள் எப்போதோ தாண்டிவிட்டன. 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் முதலாமாண்டு மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. தீங்கு செய்பவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளை இரண்டு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை என்பதைக் கவனிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளைக் காசு உள்ளவர் வாங்கிக்கொள்கிறார். 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். கவனிப்பு இலவசமாக இருந்ததில்லை. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. 1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலின் மாதத் தொகை 2025 இல் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆனது. அந்தச் சம்பளக் கணக்கில் பார்த்தால், அப்போதைய ஒரு மாத மகாபொல ஆறு நாள் கூலிக்கும் குறைவாக இருந்தது. இதற்குள் போடிங் பார்க்கும் பிள்ளை எதை விடுவாள்? கட்டிலை விட முடியாது. வீட்டுக்காரர் இல்லாத, நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் அறைக்குப் போவாள், கடையில் சோற்றுப் பார்சல் வாங்குவாள். முதலில் வெட்டுப்படுவது கவனிப்புத்தான். அவளைப் பார்க்கத் தாய் ஒரு நாள் வந்தால், தோட்டத்தில் அன்றைய பேரும் கூலியும் போய்விடும்.

இருபது வயதுப் பிள்ளைக்கு ஆயா எதற்கு என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1989 முதல் இந்த நாட்டில் 18 வயது நிரம்பியவர் பராயமடைந்தவர். போடிங் ஆன்ட்டியைக் கேற்றடியில் நிற்கும் காவலாக்கி, மகள் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு வந்தாள் என்று ஊருக்கு அறிக்கை கேட்கும் பெற்றோர் நம்மிடையே நிறைய. மகனைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதே இல்லை. அது பராமரிப்பு ஆகாது. அப்படி வேவு பார்ப்பதற்குக் கொடுக்கும் காசை நான் ஆதரிக்கவில்லை; பிள்ளை எதையும் சொல்லப் பயப்படும் வீட்டில் எந்த ஆபத்தும் முன்கூட்டித் தெரியவராது. ஆனால் டெங்குக் காய்ச்சலில் கிடப்பவருக்கு வயது எத்தனை ஆனாலும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்து வந்த முதலாமாண்டுப் பிள்ளை, சிங்களம் பேசும் அயலில், தன் மனக்கலக்கத்தை எந்த மொழியில் யாரிடம் சொல்வாள்? 2023 இல் ராஜஸ்தானின் கோட்டா நகரில் மாணவர் தற்கொலைகள் பெருகியபோது, விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. அறைக்குள் மனிதர் எட்டிப்பார்க்காத இடத்தில் கடைசியில் மின்விசிறியைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

காசுக்குச் செய்வது அன்பாகுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் தூரத்துக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு மருந்து வாங்கிக் கொடுக்கவும் அறையை ஒழுங்கு செய்யவும் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோகவும் உள்ளூர்ப் பெண்களை அமர்த்தும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவு. கேட்பவருக்கு அது செல்வந்தர் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் தாதிக்கும் ஆசிரியைக்கும் சம்பளம் கொடுக்கிறோம். அதனால் அவர்களின் பராமரிப்பும் பாடமும் பொய்யாகிவிடவில்லை. போடிங் ஆன்ட்டி நள்ளிரவில் எழும்பி முச்சக்கரவண்டிக்கு ஆள் அனுப்புவது பாசத்தாலா கடமையாலா என்று நான் அளக்கப் போவதில்லை. அந்த வேலைக்குப் பெயர் இல்லை, அதனால் அதற்கு உரிய மதிப்பும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2022 இல் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டிடம் இதற்கெல்லாம் காசு ஏது என்ற மறுப்பு இவற்றைவிடக் கனமானது. புது விடுதிகள் நாளைக்கே எழும்பாது, உண்மை. விடுதி இல்லாமலும் செய்யக்கூடியவை உண்டு. வளாகத்தைச் சுற்றியுள்ள போடிங்குகளைப் பல்கலைக்கழகம் பதிவு செய்யட்டும். ஓர் அயலுக்கு ஒருவர் வீதம், வெளியே தங்கும் மாணவர்களுக்கும் ஓர் உப வார்டனை நியமிக்கட்டும். தமிழ்ப் பிள்ளைகள் தங்கும் பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவர். அனுமதிக் கடிதத்தோடு அவருடைய தொலைபேசி இலக்கமும் வீட்டுக்கு வரட்டும், போடிங் ஆன்ட்டிக்கும் அது தெரிந்திருக்கட்டும். தோட்டம் ஆயாவுக்குக் கொடுத்ததுபோல, அந்த ஒருவருக்கான சம்பளத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கட்டும்.