‘ஸ்டிரைக்’ என்றால் அடிதடியா?

தொழிலாளி வேலையை நிறுத்திவிட்டால் போதும், முதலாளிகளின் பத்திரிகைகளுக்குத் திடீரென்று மொழி ஆராய்ச்சியில் மோகம் பிறந்துவிடுகிறது. ஸ்டிரைக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே அடித்தல் என்றுதான் அர்த்தமாம். பெயரிலேயே பலாத்காரம் இருக்கிறதாம்!

இந்தக் கனவான்கள் அகராதியில் ஒரு வரியைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள். மீதி வரிகளை நாம் படித்துக் காட்டுவோம்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலத்துக்குத் தடவுதல், நீவுதல், மெல்லச் செல்லுதல் என்பதே பொருள். அடித்தல் என்ற பொருள் 14-ம் நூற்றாண்டையொட்டி வந்து சேர்ந்ததுதான். அத்தோடு முடிந்ததா? இல்லை. கடிகாரம் மணியடித்தாலும் ஆங்கிலத்தில் ‘ஸ்டிரைக்’; தீக்குச்சியைக் கிழித்தாலும் ‘ஸ்டிரைக்’. கடிகாரத்தின்மீது தடை உத்தரவு போடுவார்களா? கடலோடிகளின் வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு: இறக்குதல். பாயை இறக்கினாலும் கொடியை இறக்கினாலும் அவர்களுக்கு அது ‘ஸ்டிரைக்’தான்.

வேலைநிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்தது இந்தக் கடல் வழக்கே. 1768-ம் ஆண்டில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்திலும், பிறகு லண்டனில் தேம்ஸ் நதியிலும் வணிகக் கப்பல்களின் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டார்கள். கிடைக்கவில்லை. கப்பல் கப்பலாக ஏறி உச்சிப் பாய்களை இறக்கினார்கள். காற்று வீசியது, கப்பல் நகரவில்லை. சரக்கு முதலாளியுடையது, கப்பலும் முதலாளியுடையது. ஆனால் பாயை ஏற்றும் கை யாருடையது? அந்தக் கேள்விக்கு அன்று கிடைத்த பதில்தான் ‘ஸ்டிரைக்’.

அந்த ஆண்டு தேம்ஸ் கரையில் கைகலப்பே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. நடந்தது, உயிர்களும் போயின. நிலக்கரி சுமக்கும் தொழிலாளர் ஏழு பேரை அந்த ஜூலையிலேயே பிரிட்டிஷ் சர்க்கார் தூக்கில் போட்டது. ஆனால் ‘ஸ்டிரைக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது கைகலப்போடு அல்ல. பாயை இறக்கிய செயலோடு!

ஆளும் வர்க்கம் சும்மா இருந்ததா? தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காக ஒன்று சேர்வதையே குற்றமாக்கி 1799-லும் 1800-லும் சட்டம் போட்டது. அந்தத் தடை அமுலில் இருக்கும்போதே, 1810 வாக்கில், ‘ஸ்டிரைக்’ என்பது வேலைநிறுத்தத்தின் பெயராகவே அச்சில் ஏறியது. 1824-ல் அந்தச் சட்டங்கள் ரத்தாயின. சட்டம் போயிற்று, சொல் நின்றது!

மாலுமிகள் பெற்றெடுத்த இந்தச் சொல் 178 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மாலுமிகளிடமே வந்தது. இம்முறை நம் நாட்டில். 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் ‘தல்வார்’ நிலையத்தில், கெட்ட உணவையும் இனவெறி வசவையும் எதிர்த்துக் கடற்படை வீரர்கள் எழுந்தார்கள். கப்பல்களில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. காங்கிரஸ், லீக், செங்கொடிகள் சேர்ந்து ஏறின. தங்கள் கமிட்டிக்கு அவர்கள் சூட்டிய பெயர் மத்தியக் கடற்படை வேலைநிறுத்தக் கமிட்டி. ஏகாதிபத்தியமோ அதைக் ‘கலகம்’ என்றது. அவர்களுக்கு ஆதரவாகப் பம்பாய்த் தொழிலாளி தெருவுக்கு வந்தபோது துப்பாக்கியால் சுட்டு 200-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடித்தவன் யார், அடிபட்டவன் யார்?

சொல் ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லையென்றால், சர்க்காரின் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஸ்டிரைக்குக் கொடுத்த விளக்கம் என்ன? தொழிலாளர்கள் கூடி வேலையை நிறுத்துவது, கூடி வேலை செய்ய மறுப்பது. அடி என்ற பேச்சே அதில் இல்லை.

2020-ல் பார்லிமெண்டில் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் அமுலுக்குக் கொண்டுவந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே நாளில் 50 சதவீதத் தொழிலாளர்கள் பேசி வைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் ஸ்டிரைக்காம்! முன்பு பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த முன்னறிவிப்பு இனி எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது நடக்கும் காலத்திலும், முடிந்து 7 நாட்கள் வரையிலும் ஸ்டிரைக் கூடாது. மீறினால் அபராதம், சிறை.

கனவான்களே, ஒன்று கேட்கிறோம். ஸ்டிரைக் என்றால் அடிப்பது என்கிறீர்களே, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் யாரை அடித்தான்?

உங்கள் வாயில் ஒரு பொருள். உங்கள் சட்டத்தில் இன்னொரு பொருள். உண்மையைச் சொல்வது சட்டம்தான். நீங்கள் அஞ்சுவது தொழிலாளி ஓங்கும் கைக்கு அல்ல. அவன் மடக்கிக்கொள்ளும் கைக்கு. அடிதடியைத் தடுக்கத் தண்டனைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் புதுச் சட்டம் தடுக்க வந்தது பாயை இறக்கும் உரிமையை!

தோழர்களே! உழைப்பைத் தர மறுக்கும் உரிமை இல்லாதவனுக்குப் பெயர் தொழிலாளி அல்ல, அடிமை. 1799-ன் சட்டத்துக்கு நேர்ந்த கதியை இந்தச் சட்டத்துக்கும் நேரச் செய்வோம்!