நோட்டில் நாலு, கேட்டால் ஏழு



இது கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் சமாச்சாரம்தானே என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். தறி வீட்டுக்காரர்கள், பட்டுக்கடை நடத்துபவர்கள், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராக இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. நம் பக்கத்து நெசவு அமைப்பு ஒன்றின் கம்ப்யூட்டர் வேலைகளை அந்த நிறுவனம்தான் பார்க்கிறது. அமைப்பின் பெயர் வேண்டாம். பையன் முகமே சரியில்லை.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"ஆடிட்டுக்கு வந்தவர், இன்டர்நெட்டிலிருந்து நேரா எட்டக்கூடிய முகவரி உங்ககிட்ட எத்தனை இருக்குன்னு கேட்டார் சார். எக்செல் ஷீட்டைப் பார்த்து நாலுன்னு சொன்னேன். அவர் எதிரிலேயே கிளவுட்டைக் கேட்டுப் பார்த்தோம். ஏழு வந்துச்சு சார்."

கூடுதலாக வந்த மூன்றும் என்னவென்று கேட்டேன். ஒன்று, எந்தக் கணினியோடும் சேராமல் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்த வெறும் முகவரி. இரண்டாவது, ஆர்டர் எடுக்கும் கணினிக்கு முன்பு யாரோ பராமரிப்புக்காகத் திறந்துவைத்த இன்னொரு வழி. மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர் சோதனைக்காகச் சிங்கப்பூரில் ஒரு கணினியை உருவாக்கி, அணைக்காமலே போயிருக்கிறார். அதில் நெசவாளர் பட்டியலின் நகல் இருந்தது. பெயர், கைபேசி எண், கூலி போய்ச் சேரும் வங்கிக் கணக்கு எண், எல்லாம்.

நான் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்தவன். அந்தப் பட்டியலில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

"யாராவது உள்ளே நுழைஞ்சாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலை சார். அந்த மெஷினுக்கு லாக் எதுவும் எடுத்து வைக்கலை."

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அவனை வரச்சொல்லி உட்கார்ந்து கேட்டேன். புரிந்ததை நம் பாஷையில் சொல்கிறேன். தப்பிருந்தால் விஷயம் தெரிந்த பிள்ளைகள் திருத்துங்கள்.

கிளவுட் என்பது வாடகைக் கம்ப்யூட்டர். நம் ஊரில் பெட்டி எதுவும் இருக்காது. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டின் அஸூருக்குச் சென்னையிலும் புனேயிலும் பெரிய மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு பெரிய இயந்திரத்தைப் பல பாகமாகத் தடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் தனிக் கணினி போல வாடகைக்கு விடுகிறார்கள். அதற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின்.

அந்தக் கணினி வெளியே பேச ஒரு வாசல் வேண்டும். அதுதான் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ். ஒவ்வொரு வாசலுக்கும் உள்முகவரி ஒன்று உண்டு. அது பிரைவேட் ஐபி. தேவைப்பட்டால் உலகமே எட்டக்கூடிய வெளிமுகவரியும் கொடுக்கலாம். அது பப்ளிக் ஐபி. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்ற காவல் விதியும் அந்த வாசலோடு கட்டப்பட்டிருக்கும். ஒரே கணினிக்கு இரண்டு வாசலும் இருக்கலாம்.

ஆக, எத்தனை கணினி இருக்கிறது என்று எண்ணினால் போதாது. எத்தனை வாசல், எது வெளியே திறந்திருக்கிறது, காவல் விதி என்ன என்று தெரிய வேண்டும். நம் பையன் எண்ணியது எக்செல் ஷீட்டை. அதுவும் அவனுக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போனது.

வாத்தியார் வேலையில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பள்ளியில் மூன்று விதமாக ஆள் எண்ணலாம். போன வாரம் எழுதிய நோட்டைப் பார்த்து எண்ணலாம். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" சொல்பவர்களை எண்ணலாம். தலைமையாசிரியர் அறையில் இருக்கும் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம்.

எக்செல் ஷீட் என்பது போன வாரத்து நோட்டு. அமேசானில் ஒரு கணினியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால், தனியாக நிலையான முகவரி வாங்கி வைக்காதவர்களுக்குப் பப்ளிக் ஐபி மாறிவிடும். நோட்டில் பழைய எண்ணே இருக்கும். அந்தப் பழைய எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். உங்கள் இணையதளப் பெயர் இன்னும் அந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தால், உங்கள் வாடிக்கையாளர் போய் நிற்பது அந்நியர் வாசலில்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு கணினிக்குள்ளும் நுழைந்து "உன் முகவரி என்ன?" என்று அதையே கேட்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அமேசானிலும் அஸூரிலும் கணினி தன் உள்முகவரியைத்தான் சொல்லும். வெளிமுகவரி அதற்கு வெளியே, கிளவுட்டின் நெட்வொர்க்கில் வைத்து மாற்றித் தரப்படுவது. அதனால் கணினிக்குள் இருக்கும் இன்டர்ஃபேஸ் விவரத்தில் அது தெரியாது. நிறுத்தி வைத்த கணினி பதிலே சொல்லாது. கணினியே இல்லாத வெறும் வாசலை யாரைப் போய்க் கேட்பது? வராத பையன் "உள்ளேன் ஐயா" சொல்ல மாட்டான்.

மூன்றாவது வழி, கிளவுட்டின் சேர்க்கைப் பதிவேட்டையே கேட்பது. வாடகைக்கு விட்டவனிடமே கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆன்சிபிள் போன்ற தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. ஆன்சிபிள் 2012இல் வந்தது. காசு கிடையாது. 'இந்தக் கணக்கில் உள்ள எல்லா நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் விவரத்தையும் கொண்டுவா' என்று படித்தாலே புரிகிற மாதிரி சில வரிகள் எழுதி வைத்தால், தினமும் காலையில் தானாகவே போய்க் கேட்டுப் பட்டியல் போட்டுவிடும். பையன் அந்தக் கோப்பைக் காட்டினான். முப்பது வரிகூட இல்லை.

ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். அஸூரில் கணினியைப் பற்றிக் கேட்டால் வாசலின் அடையாளம் மட்டும் வரும். அதை வைத்து வாசலைக் கேட்டால் உள்முகவரி வரும், வெளிமுகவரியின் அடையாளமும் வரும். அதை வைத்து மறுபடி கேட்டால்தான் எண் கிடைக்கும். அமேசானில் ஒரு வட்டாரத்தைக் கேட்டால் அந்த வட்டாரத்துக்கு மட்டுமே பதில் வரும். மும்பையை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியாக இருந்தால் சிங்கப்பூர் கண்ணிலேயே படாது. கணக்கில் இருக்கும் எல்லா வட்டாரத்தையும் சுற்றி வரும்படி எழுத வேண்டும். கணினியிலிருந்து தொடங்காமல் வாசலிலிருந்தும் முகவரியிலிருந்தும் தொடங்க வேண்டும். அப்போதுதான் சொந்தக்காரன் இல்லாத முகவரியும் அகப்படும்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன்.

மற்றவர்களுடைய விவரங்களை கிளவுட்டில் வைத்திருக்கும் எந்த அமைப்பும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இந்தக் கணக்கைத் தினமும் தானியங்கியாக எடுக்க வேண்டும். கையால் எழுதிய பட்டியலை இனிமேல் கணக்கு என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. வேலையை வெளியாளிடம் கொடுத்திருந்தால், மாதா மாதம் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்ப்பது நிர்வாகக் குழுவின் கடமை.

"சின்ன அமைப்புக்கு இதெல்லாம் எதுக்கு வாத்தியாரே?" என்று ஒரு நண்பர் கேட்டார். சங்கத்தில் பட்டையும் சரிகையையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். சேலை வரும்போது மறுபடி எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனாலும் தராசில் வைக்காமல் நோட்டில் எழுத மாட்டார்கள். ஒரு கிராம் சரிகைக்குக் காட்டும் அக்கறையை நெசவாளியின் வங்கிக் கணக்கு எண்ணுக்குக் காட்டக் கூடாதா?

காசுக் கணக்கும் இருக்கிறது. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் ஒவ்வொரு பப்ளிக் ஐபி முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். பெருக்கிப் பாருங்கள், ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 44 டாலர். ஒன்றுக்கும் உதவாத ஒரு முகவரிக்கு!

சட்டமும் சும்மா இல்லை. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்புச் செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இருப்பதே தெரியாத ஒரு வாசலுக்கு யார் லாக் எடுத்து வைப்பார்கள்?

எதிர்க்கருத்து ஒன்று நியாயமானது. பையனே சொன்னான். "தானியங்கிக் கருவிக்கும் ஒரு சாவி கொடுக்கணும் சார். அது திருடு போனா?" உண்மைதான். 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது இதற்குப் பக்கத்து விஷயம். தவறாக அமைத்த ஃபயர்வால் வழியாக நுழைந்தவர், கணினிக்கு கிளவுட் கொடுத்திருந்த தற்காலிகச் சாவியை எடுத்துவிட்டார். அந்தச் சாவிக்குத் தேவைக்கு மேல் உரிமை இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் விவரங்கள் போயின. 2020இல் அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள்.

அதனால் கணக்கு எடுக்கும் கருவிக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுக்க வேண்டும். அதிலும் நெட்வொர்க் விவரத்தைப் பார்க்க மட்டும். உருவாக்க, மாற்ற, அழிக்க, கோப்புகளைத் திறக்க உரிமை கூடாது. சாவியை வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது. ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் சாவியையும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. பட்டியல் தானாக வரும், ஆனால் தானாகப் படித்துக்கொள்ளாது. நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் யார் என்று பெயர் குறித்து வைக்க வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். முப்பத்து நாலு வருடம் பள்ளியில் கண்டது இது.

இங்கே பையனைத் திட்டிப் பயனில்லை. பழைய நோட்டைக் கையில் கொடுத்து "இதுதான் கணக்கு" என்றார்கள், நம்பினான். ஏழு என்று தெரிந்ததும் மறைக்காமல் நிர்வாகத்திடம் சொன்னான். அன்றைக்கே சிங்கப்பூர்க் கணினியை இணையத்திலிருந்து துண்டித்தான். அவனை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று ஒரு குரல் எழுந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படிச் செய்தால், அடுத்து வருபவன் ஏழைப் பார்த்தாலும் நாலு என்றுதான் சொல்வான்.

நீங்கள் ஏதாவது சங்கத்தில் உறுப்பினரா? கடை கணக்கு கிளவுட்டில் இருக்கிறதா? பார்த்துக்கொள்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இணையத்தில் நமக்கு எத்தனை வாசல்? அந்த எண்ணிக்கை நோட்டிலிருந்து சொன்னதா, கிளவுட்டைக் கேட்டுச் சொன்னதா? கடைசியாகக் கேட்டது என்றைக்கு?

பதில் வரத் தாமதமானால் கோபப்படாதீர்கள். உட்கார்ந்து, உங்கள் எதிரிலேயே கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். எண் எத்தனை வருகிறது என்று எனக்கும் கீழே எழுதுங்கள். முகவரி எதையும் போடாதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும்.