மனநோய்க்கு மட்டும் ஏன் விலக்கு?

காலில் உளி பட்டால் மருத்துவ விடுப்பு உண்டு. தூக்கம் கெட்டு மரத்தடியில் நின்று அழுபவனுக்கோ கிறுக்கன் என்ற பட்டம்தான். செபராங் பிறைத் தோட்டமொன்றின் பால்வெட்டுத் தோழர் ஒருவர் மாதக்கணக்கில் இவ்வாறு வாடி, பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுனில் தனியார் மனோதத்துவ நிபுணரிடம் சென்றார். தோட்டம் எடுத்துக் கொடுத்த காப்புறுதி அட்டையை நீட்டினார். மனநோய் சேராதாம், பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறதாம். கிராணிகளாகிய நாமே அப்பக்கத்தைப் படித்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதில் தனியார் கட்டணத்துக்கு எதை ஒதுக்குவது?

ஆகவே தோழர்களே, முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கடிதம் கொடுத்தால் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. மருந்து எழுதுபவர் மனநோய் டாக்டர்; பேசித் தெளிவிப்பவர் மனோதத்துவ நிபுணர். தனியாரிடம் போவதானால், இவ்விருவரில் யாருடைய பில்லை ஏற்பார்கள், டாக்டர் கடிதம் வேண்டுமா என்று காப்புறுதிக் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெலிபோனில் சொன்னது செல்லாது. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற எண்ணிலும் மனம்விட்டுப் பேசலாம்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவையே நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. சட்டம் இறங்கி வந்தபின் காப்புறுதிப் பத்திரம் மட்டும் விறைத்து நிற்பானேன்? அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் அந்த விலக்கு வரியை அடிக்கக் கோருவோம். கிளைச் செயலாளர்கள் தத்தம் தோட்டத்துப் பத்திரத்தின் நகலை, கடைசிப் பக்கத்தோடு, சங்கத்துக்கு அனுப்பவும்.